காஸ்ட்கோ ரிவார்டு, கார்டு கேஷ்பேக்: மளிகைக் கணக்குல எங்க எழுதுறது? ஆறு வருஷ அனுபவம்

டாலஸ் பக்கம் குடியிருக்கோம், நாலு பேர், பசங்க ரெண்டு பேரும் தோசையை எண்ணாம சாப்பிடுற வயசுக்கு வந்துட்டாங்க, அதனால மளிகை மட்டும் மாசம் 900, 950 டாலர்னு ஓடுது. அதுல பாதி காஸ்ட்கோ (வருஷ மெம்பர்ஷிப் கட்டி மொத்தமா வாங்குற கடை), கால்வாசி இந்தியன் கடை, மிச்சம் பக்கத்து சூப்பர் மார்க்கெட்ல பால், முட்டை, காய். 2019ல இருந்து கூகுள் ஷீட்ல கணக்கு எழுதுறேன். செலவு எழுதுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, இந்தத் திரும்பி வர்ற காசை எங்க எழுதுறதுங்கறதுலதான் ரெண்டு தடவை கணக்கையே கெடுத்துக்கிட்டேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். பில் போடும்போதே கழியுதே, கூப்பன், இன்ஸ்டன்ட் சேவிங்ஸ், அதை நான் ரிபேட்ல சேர்க்கறதே இல்ல. 15 டாலர் டிடர்ஜென்ட் 11க்கு வந்தா அதோட விலை 11, முடிஞ்சுது. இன்னைக்கு முழுக் காசு குடுத்துட்டு நாலு மாசம், எட்டு மாசம், ஒரு வருஷம் கழிச்சு எந்த ரூபத்துலயோ திரும்பி வருது பாருங்க, பிரச்சனையே அதுலதான்.

காஸ்ட்கோல 2020 அக்டோபர்ல எக்ஸிக்யூட்டிவ் மெம்பர்ஷிப்புக்கு மாறினோம். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ஸ்கிரீனைப் பாத்துட்டு நீங்க வாங்குற அளவுக்கு இது லாபம்னு சொல்லுச்சு, வரிசையில பின்னாடி பத்து வண்டி நிக்குது, நானும் சரின்னு தலையாட்டிட்டேன். அப்ப சாதா மெம்பர்ஷிப் 60, எக்ஸிக்யூட்டிவ் 120. கூடுதலா 60 டாலர் கட்டினா வாங்குறதுல 2% ரிவார்டா திரும்பக் கிடைக்கும், அப்ப வருஷத்துக்கு 3,000 டாலருக்கு மேல வாங்குனாதான் கட்டுப்படியாகும். 2024 செப்டம்பர்ல இருந்து 65, 130 ஆயிடுச்சு, அதனால இப்ப அந்தக் கோடு 3,250, மாசத்துக்கு 271 டாலர் வருது. ரிவார்டு உச்சவரம்பையும் 1,000ல இருந்து 1,250க்கு ஏத்தினாங்க, அதைத் தொடணும்னா வருஷத்துக்கு 62,500 டாலருக்கு சாமான் வாங்கணும், கேட்டரிங் நடத்துறவங்களுக்கு ஆகும், நமக்கு எதுக்கு அந்தக் கவலை.

முதல் வருஷம் கார்டு ஸ்டேட்மென்ட்ல காஸ்ட்கோன்னு வர்ற வரியெல்லாம் கூட்டிப் பாத்தேன், 4,600 டாலர், ஆஹா 92 டாலர் வரப்போகுதுன்னு பட்ஜெட்லயே எழுதி வச்சுட்டேன். வந்தது 71. போன் போட்டு சண்டை போடலாம்னு கிளம்பி, விதிமுறையைப் படிச்சதும் அப்படியே உக்காந்துட்டேன். பெட்ரோலுக்கு 2% கிடையாது, ஃபுட் கோர்ட்டுக்குக் கிடையாது, சேல்ஸ் டாக்ஸுக்கும் கிடையாது, ரிட்டர்ன் பண்ணின பொருளுக்கு வந்ததையும் திரும்பக் கழிச்சுக்குவாங்க. நாங்க வாரம் தவறாம அங்கதான் பெட்ரோல் போடுறோம், போதாததுக்கு ஒரு வாக்குவம் கிளீனரை ரிட்டர்ன் வேற பண்ணியிருந்தோம். தப்பு முழுக்க என்னோடதுதான். அன்னைல இருந்து கைக்கு வராத ரிபேட்டை ஷீட்ல எழுதுறதே இல்ல.

சரி, வந்த 71ஐ எங்க எழுதுறது? முதல்ல வருமானம்னு சம்பளத்துக்குக் கீழ ஒரு வரி சேர்த்தேன். மளிகைத் தொகை சுத்தமா இருந்துச்சு, ஆனா அந்தக் காசு எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. சம்பளத்தோட கலந்த சில்லறை சம்பளம் போற வழியிலேயே போயிடும். வருமான வரிக்கும் இது வருமானம் இல்ல, சொந்த உபயோகத்துக்கு வாங்குன பொருள் மேல வர்ற ரிபேட்டை ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித்துறை, விலைக் குறைப்பாத்தான் பாக்குது. அப்ப விலைக் குறைப்புன்னா மளிகையிலேயே கழிச்சுடலாமேன்னு அடுத்த வருஷம் புத்தி போச்சு பாருங்க, அதுதான் பெரிய சொதப்பல்.

எங்ககிட்ட காஸ்ட்கோ சிட்டி விசா கார்டும் இருக்கு. அதுல சேர்ற கேஷ்பேக் மாசாமாசம் வராது, வருஷத்துக்கு ஒரே தடவை, பிப்ரவரி பில்லோட ஒரு சர்டிஃபிகேட்டா வரும், அந்த வருஷம் டிசம்பர் 31க்குள்ள கடையிலேயே போய் மாத்தணும். எங்களுக்கு வந்தது 196.74. மார்ச்ல ஒரு சனிக்கிழமை பில் 231.18 ஆச்சு, சர்டிஃபிகேட்டைக் குடுத்தோம், மிச்சம் 34.44 கார்டுல தேச்சோம். என் ஷீட்டுக்கு ஒவ்வொரு செலவு வரியும் பேங்க்ல இருந்துதான் இறங்கும், அதுல வந்தது வெறும் 34.44. இருபது பவுண்டு பாஸ்மதி மூட்டை, நாலு பவுண்டு வெண்ணெய், பாதாம், எண்ணெய், பசங்களுக்கு சீஸ், இத்தனையும் 34 டாலர்னு என் கணக்கு சொல்லுது! மாசக் கடைசியில கூட்டினா மளிகை 700ஐத் தாண்டல, ஏங்க இந்த மாசம் எவ்ளோ சிக்கனமா இருந்திருக்கோம் பாருங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட பெருமையா காட்டினேன். அவரும் பாத்துட்டு, அப்ப ஏப்ரலுக்கும் 750 போதும்லன்னு சொன்னார், நானும் போட்டேன். ஏப்ரல் 20ஆம் தேதியே பணம் தீந்துபோச்சு, நீ கணக்கு எழுதுறியா கதை எழுதுறியான்னு அவர் கேக்க, 750ன்னு சொன்னது யாருன்னு நான் கேக்க, ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல.

இப்ப நாலு வருஷமா செய்யறது இதுதான். மளிகைக் கட்டத்துல எப்பவும் முழு பில் தொகை, 231.18ன்னா 231.18தான். 'திரும்பி வந்தது'ன்னு ஷீட்ல தனியா ஒரு டேப், வந்த சர்டிஃபிகேட்டைக் கடையில பயன்படுத்தினதும் அங்க வரவு, அதுல இருந்து செலவு பண்ணினா அங்க பற்று. பேங்க்ல இருந்து இறங்குற 34.44 வரியை நானே கையால திருத்தி, மளிகைக்கு 231.18 செலவு, டேப்ல 196.74 வரவுன்னு ரெண்டா உடைக்கணும், ரசீது பாத்து செய்யற வேலை, ரெண்டு நிமிஷம் ஆகும், வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான். இதுல என்ன லாபம்னா, ஜூலையும் மார்ச்சும் ஒரே அளவுகோல்ல தெரியுது, விலைவாசி ஏறுதா நாம கூட வாங்குறோமான்னு பிரிச்சுப் பாக்க முடியுது. அந்த டேப்ல சேர்ற காசுக்கு முதல் வேலை மெம்பர்ஷிப் ஃபீஸ் கட்டறது, மிஞ்சினாதான் வேற எதுவும். கடையில பயன்படுத்தற அன்னைக்கு என் அக்கவுன்ட்ல அவ்ளோ காசு மிஞ்சுதுல்ல, அதைத்தான் இந்த டேப் பேருக்கு ஒதுக்கி வைக்கிறேன். இந்த விதி இல்லாத வருஷம் ரிவார்டு வந்துடுச்சுங்கற குஷியில ஏர் ஃப்ரையர் வாங்கினோம், இப்ப அது மேல வெங்காயக் கூடை உக்காந்திருக்கு.

கார்டு விஷயத்துக்கு வரேன், நிறைய பேர் சொல்றாங்களேன்னு அமெக்ஸ் ப்ளூ கேஷ் ப்ரிஃபர்டுங்கற கிரெடிட் கார்டு எடுத்தேன். சூப்பர் மார்க்கெட்ல 6% கேஷ்பேக், வருஷத்துக்கு 6,000 டாலர் வரைக்கும், அதுக்கு மேல 1%. வருஷ ஃபீஸ் 95. அதோட ஃபீஸ் இல்லாத தம்பி எவ்ரிடேங்கற கார்டு, அதுல 3%. ரெண்டுக்கும் வித்தியாசம் 3%தான், அப்ப 95 டாலர் ஃபீஸ் கட்டுப்படியாகணும்னா வருஷத்துக்கு 3,167 டாலராவது சூப்பர் மார்க்கெட்ல தேய்க்கணும். காஸ்ட்கோ, வால்மார்ட், டார்கெட் எதுவும் இதுல சேத்தி இல்ல, காஸ்ட்கோல 2016ல இருந்து கிரெடிட் கார்டுன்னா விசா மட்டும்தான். என் கணக்கு முழுக்க இந்தியன் கடையை நம்பித்தான் இருந்துச்சு. ஒவ்வொரு கடைக்கும் கார்டு நெட்வொர்க்ல ஒரு நம்பர் இருக்கும், மளிகை, சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411. உள்ள நுழைஞ்சா பருப்பும் அரிசியும் தேங்காயும் அடுக்கியிருக்கு, ஆனா பதிவு பண்ணும்போது வேற நம்பர்ல பதிவு பண்ணியிருந்தா கார்டுக்காரனுக்கு அது சூப்பர் மார்க்கெட் இல்ல, 1%தான். எங்க ஊர்ல ரெண்டு இந்தியன் கடை, ரெண்டுலயும் ஒரு கட்டு கொத்தமல்லி, ஒரு கட்டு புதினா மட்டும் வாங்கித் தேச்சுட்டு வந்து பாத்தேன். ஒண்ணுல 6% விழுந்துச்சு, இன்னொண்ணுல 1%. நாங்க எப்பவும் போறது அந்த 1% கடை, ஏன்னா அங்கதான் வெள்ளிக்கிழமை வாழைக்காயும் முருங்கைக்காயும் பிஞ்சா வரும். அஞ்சு டாலர் கேஷ்பேக்குக்காக முத்தின முருங்கைக்காய் வாங்க முடியாது, ஒரு வருஷம் பாத்துட்டு தம்பி கார்டுக்கே மாறிட்டேன்.

ரசீதைப் போட்டோ எடுத்து ஏத்தினா பாயிண்ட் குடுக்குற ஆப் ஒண்ணும் வச்சிருந்தேன், பேர் வேண்டாம். குறைஞ்சது 20 டாலர் சேர்ந்தாதான் எடுக்கலாம், 18 வரைக்கும் சேர்த்துட்டேன், அந்த 2 டாலருக்கு இதுவரைக்கும் வாங்கவே வாங்காத ஒரு தயிரும் ஒரு சீரியலும் வாங்கச் சொல்லிச்சு. அம்மா அப்ப மதுரையிலிருந்து வந்திருந்தாங்க, அடுப்புல வெண்ணெய் காய்ச்சிக்கிட்டே கேட்டாங்க, "ஏண்டி, ரெண்டு டாலர் வாங்கறதுக்கு ஒன்பது டாலர் குடுத்துட்டு வந்தியாக்கும்? நம்ம அண்ணாச்சி வருஷத்துக்கு ஒரு காலண்டர் குடுப்பாரு, அதுக்காக யாரும் ரெண்டு கிலோ பருப்பு கூட வாங்கல." பதில் சொல்லத் தெரியல. அப்புறம் அந்த ஆப்பைத் திறக்கறதையே விட்டுட்டேன், பல மாசம் கழிச்சு பாத்தப்ப பாயிண்ட் காலாவதின்னு காட்டுச்சு. அந்தத் தயிரையும் வீட்ல யாரும் தொடல, கடைசியில மோர்க்குழம்புதான் வச்சேன்.

இதையெல்லாம் நிரந்தரம்னு நம்பி பட்ஜெட் போடவும் முடியாது. டார்கெட் கடையோட சர்க்கிள் திட்டத்துல வாங்கினதுக்கு 1% சேர்ந்துட்டிருந்தது, 2024 ஏப்ரல்ல நிறுத்திட்டாங்க. முழு பில்லையே மளிகையில எழுதினதால என் கணக்குல அதுக்காக எதையும் மாத்த வேண்டி வரல, தனி டேப்ல ஒரு வரி கம்மியாச்சு, அவ்ளோதான்.

எக்ஸிக்யூட்டிவை விட்டுடலாமான்னு வருஷா வருஷம் ஆகஸ்ட்ல, ரெனியூவல் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாப்பேன். போன வருஷம் ரிவார்டு 115 வந்துச்சு, கூடுதல் ஃபீஸ் 65 போக கையில 50. பசங்க இன்னும் பத்து வருஷம் வீட்லதான் இருப்பாங்க, வெண்ணெயும் பாதாமும் குறையப் போறதில்ல, அதனால தொடருது. ரெண்டு பேர் மட்டும் இருக்கற வீடு, மாசம் 270க்குக் கீழதான் அங்க வாங்குறீங்கன்னா சாதா மெம்பர்ஷிப்பே தாராளம், கவுன்ட்டர்ல என்ன சொன்னாலும் தலையாட்டாதீங்க. ஒருவேளை ஏற்கனவே மாறிட்டு 65 டாலருக்கு ரிவார்டு வரலைன்னா, அந்தக் கவுன்ட்டர்லயே போய்க் கேளுங்க, குறையுற தொகையைத் திரும்பக் குடுத்துடுவாங்க.

இப்ப டேப்ல 83 டாலர் நிக்குது. அக்டோபர்ல 130 கட்டணும், இன்னும் 47 வரணும்.