சுகுண விலாச சபையின் பழைய நாடகங்கள்: ஒரு மதிப்புரை

1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் தொடங்கிய இந்தச் சபையில் பகலில் நீதிமன்றம் சென்ற வக்கீல்களே இரவில் வேடம் கட்டினார்கள். கூத்தாடிகள் என்ற ஏளனச் சொல்லின் கூர் மழுங்க அதுவும் ஒரு காரணம்.

அச்சில் படிக்கும்போதும் ‘மனோகரா’வின் சங்கிலிக் காட்சி சற்றும் தளரவில்லை. தாய்சொல்லுக்குக் கட்டுப்பட்ட மகனின் சினத்தை நெடுநேரம் அடக்கிவைத்துப் பிறகு அவிழ்த்துவிடும் நுட்பமே அதன் வலிமை. வசனங்கள் சில இடங்களில் சொற்பொழிவாக நீள்வது குறைதான். ஷேக்ஸ்பியர் தழுவல்களில், ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும் வெனிஸை ‘வாணீபுரம்’ என்றும் ஒலி கெடாமல் மாற்றிய குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது. ‘சபாபதி’யின் அசட்டு வேலைக்காரனோ இன்றும் சிரிக்கவைக்கிறான்.