காய்ச்சி வடிக்கக் கண்ணாடிச் சாமான் வாங்கப் போறீங்களா? என் 8,650 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

நேத்து ராத்திரி கண்ணாடிச் சாமான் வித்த ஆள் என் நம்பரை பிளாக் பண்ணிட்டார். கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு காலையிலேயே உட்கார்ந்துட்டேன். ஆறிப்போச்சுன்னா "போனா போகுது"ன்னு விட்டுடுவேன், என் சுபாவம் அப்படி. போனது 8,650 ரூபாய். உடைஞ்ச குடுவையோட சில்லு இன்னும் இரும்புச் சட்டியில, ஆத்து மணலோட மணலா கிடக்கு. சாட்சிக்கு இருக்கட்டும்னு மூடி வெச்சிருக்கேன்.

வீட்டுலயே கெமிஸ்ட்ரி பண்ணிப் பாக்கணும்னு ஆசைப்பட்டு, காய்ச்சி வடிக்கிற கண்ணாடிச் சாமான் தேடிக்கிட்டு இருக்கிறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எந்தக் கண்ணாடி, எந்த அளவு, எந்த ஜாயிண்ட் (ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுற வாய்), எதைப் பார்த்து வாங்கணும், எல்லாத்தையும் கடைசியில விளக்கமா எழுதறேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கல்யாணம், குழந்தைன்னு ஆனதுக்கப்புறம் பன்னெண்டாவது பசங்களுக்கு வீட்டுலயே டியூஷன் எடுக்கறேன். பாபநாசத்துக்குப் பக்கத்துல ஊர். எங்க மாமனாருக்கு ஒரு மா நிலத்துல வெற்றிலைக் கொடிக்கால் இருக்கு. கும்பகோணம் வெற்றிலைன்னு பேரு, 2025-ல புவிசார் குறியீடும் வந்தாச்சு. ஆனா விலை இறங்குற நாள்ல கவுளியை (வெற்றிலைக் கட்டு) என்ன விலைன்னு கேக்கக்கூட ஆள் இருக்காது. கிள்ளுற கூலி கட்டாதுன்னு மாமா சில நாள் இலையை வாய்க்கால் மேட்டுலயே கொட்டிட்டு வருவார். அதைப் பாக்கும்போதெல்லாம் இந்த இலையோட எண்ணெயை வடிச்சா என்னன்னு தோணும்.

வெற்றிலையோட காரமும் வாசனையும் அதுல இருக்கிற எண்ணெயாலதான். கிராம்புல இருக்கிற யூஜினால், இல்லன்னா அதோட பங்காளி சாவிபெட்டால், ரெண்டுல ஒண்ணு பெரும்பாலும் அதுல இருக்கும். யூஜினால் தண்ணியைவிடக் கனம். கூடவே டெர்பீன்ங்கிற லேசான வாசனைச் சரக்கும் கலந்திருக்கும். அப்போ எங்க கொடிக்கால் இலையை வடிச்சா எண்ணெய் தண்ணி மேல மிதக்குமா, அடியில முழுகுமா? இதைக் கண்ணால பாத்துடணும்னு ஒரு பைத்தியம் பிடிச்சிருந்துச்சு எனக்கு. வேற பெரிய வியாபாரத் திட்டமெல்லாம் இல்லை. அத்தை மட்டும், "வடிக்கிறேன் வடிக்கிறேன்னு வாசல்ல நின்னு சொல்லாதடி, தெருவுல வேற மாதிரி நினைப்பாங்க"ன்னாங்க.

வீடியோ போட்டு ஆய்வகக் கண்ணாடி விக்கிற ஆன்லைன் கடை அது. பெரிய விற்பனைத் தளம் ஒண்ணுலயும் அவங்க சரக்கு போட்டிருந்தாங்க. அங்க இருந்துதான் நம்பர் எடுத்தேன். போன் போட்டதும், "சொல்லுங்க அக்கா, என்ன வடிக்கப் போறீங்க?"ன்னார். வெற்றிலைன்னேன். சிரிப்பார்னு நினைச்சேன். சிரிக்கல. "வெற்றிலை எண்ணெய் சில நேரம் முழுகும் அக்கா. சொட்டு விழுற பாத்திரம் அடி குறுகினதா இருந்தா பிரிக்கிறது சுலபம்"னார்.

அங்க விழுந்தேன் நான். பதினஞ்சு வருஷமா யார்கிட்டயும் பேச முடியாத ஒரு விஷயத்தை, முகம் தெரியாத ஒருத்தர் பாதியிலேருந்து எடுத்துப் பேசினா எப்படி இருக்கும்! முக்கால் மணி நேரம் பேசினோம். ஆவியைக் குளிரவெக்குற கண்டென்சர்ல லீபிக்குங்கிற நேர்க்குழாயே போதும், பல்பு பல்பா இருக்கிறது ரிஃப்ளக்ஸுக்குத்தான் (ஆவியைத் திரும்பக் குடுவைக்கே இறக்குறது) நல்லதுன்னார். குளிர்ந்த தண்ணியைக் கீழ ஏத்தி மேல வெளிய விடணும், இல்லன்னா குழாயைச் சுத்தி இருக்கிற உறை முழுசா நிரம்பாதுன்னார். எண்ணெயைத் தானே பிரிச்சு வெக்குற க்ளெவெஞ்சர் செட்டுதான் இந்த வேலைக்கு சரி, ஆனா விலை கூட, முதல்ல இதுல கை பழகட்டும்னார். எல்லாம் சரி. இப்பவும் சொல்றேன், அந்த ஆள் சொன்ன கெமிஸ்ட்ரியில ஒரு தப்பு கிடையாது. கண்ணாடியிலதான் பொய் சொன்னார்.

"போரோ 3.3 தானே?"ன்னு, அதாவது சூடு தாங்குற போரோசிலிக்கேட் கண்ணாடிதானான்னு, மூணு தடவை கேட்டேன். "அக்கா, நான் உங்க தம்பி மாதிரி. வேற கண்ணாடியை உங்ககிட்ட விப்பேனா?" குடுவையில எழுத்து தெரியுற மாதிரி போட்டோவும் வந்துச்சு. 2 லிட்டர் உருண்டை அடிக் குடுவை, தலைப்பகுதி, 300 மில்லிமீட்டர் கண்டென்சர், வளைவு (கண்டென்சர் நுனியில மாட்டுற வளைஞ்ச குழாய்), சொட்டை வாங்குற குடுவை, ஸ்டாண்டு, கிளாம்பு. தளத்துல 9,400 ரூபாய் போட்டிருந்துச்சு. "தளத்துல போட்டா கமிஷன் போயிடும் அக்கா, நேரா இந்த நம்பருக்கு யுபிஐ பண்ணுங்க, 750 ரூபாய் குறைச்சுக்கறேன்." பண்ணினேன். 8,650 ரூபாய். ரெண்டு பசங்களோட ரெண்டு மாச டியூஷன் காசு. பில் கேட்டேன், பெட்டிக்குள்ள வரும்னார்.

பெட்டி வந்துச்சு, பில் வரல. நாலாம் நாள் அட்டைப் பெட்டியில பழைய பேப்பர் சுத்தி வந்தது. குடுவையில எழுத்து இருந்துச்சு, ஆனா ஈரத்துணி வெச்சுத் துடைச்சதும் பாதி துணியோட வந்துருச்சு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல, ஏன்னா அதுக்குள்ள வேற கவலை வந்துருச்சு. குடுவையும் கண்டென்சரும் 24/29, வளைவு மட்டும் 19. தெரியாதவங்களுக்கு: முதல் எண் ஜாயிண்ட்டோட அகலமான வாய் எத்தனை மில்லிமீட்டர்னு, ரெண்டாவது அதோட நீளம். 24-க்குள்ள 19 லொடலொடன்னு ஆடும், உட்காரவே உட்காராது. போன் போட்டேன். "அது ஒண்ணுமில்ல மேடம், அடாப்டர் போட்டா சரியாயிடும். 450 அனுப்புங்க, நாளைக்கே கூரியர்."

கவனிச்சீங்களா, அக்கா மேடம் ஆயிட்டேன். நான் கவனிக்கல. 450 ரூபாயும் அனுப்பினேன். ஆமா, அனுப்பினேன்! அடாப்டர் இன்னிவரைக்கும் வரல. மொத்தம் 9,100. இந்த 450 வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது, இதைப் படிச்சா தெரிஞ்சுக்கட்டும்.

வளைவோட வெளிப்பக்கம் எப்படியும் காத்துக்குத் திறந்துதான் இருக்கணும், மூடிட்டா உள்ள அழுத்தம் ஏறும். அதனால அந்த இடத்துல ஆவி கசிஞ்சாலும் ஆபத்தில்லைன்னு டெஃப்ளான் டேப்பைச் சுத்தி ஒப்பேத்தினேன். போன ஞாயித்துக்கிழமை மாமா காலையிலேயே போய் ஒரு கவுளி கொழுந்து கிள்ளிட்டு வந்தார். "நல்லதா பாத்து எடுத்தேன்மா, முதல் தடவை பண்றே"ன்னார். மனுஷர் என் வேலைக்கு இவ்வளவு மரியாதை குடுத்து நான் பாத்ததில்லை.

தப்பு என் பேர்ல இல்லைன்னு சொல்லத்தான் இதை விவரமா எழுதறேன். இலையை நறுக்கி, குடுவையில பாதிக்குமேல போகாம தண்ணி. பொங்கிக் குதிக்காம இருக்க, உடைஞ்ச மண்பானையிலேருந்து நாலு ஓட்டுச் சில்லு. நேரடித் தீ கிடையாது. வீடு கட்டினப்போ மீந்த காவிரி மணலைச் சலிச்சு, காயவெச்சு, இரும்புச் சட்டியில பரப்பி, சுருள் அடுப்புல வெச்சு அதுக்குள்ள குடுவையை உட்கார வெச்சேன். மாடித் தொட்டித் தண்ணி இந்த வெயில்ல வெந்நீர் மாதிரி வருது, அது கண்டென்சருக்கு ஆகாதுன்னு வாளியில பானைத் தண்ணியும் ஐஸும் போட்டு, மீன் தொட்டி மோட்டார் வெச்சு ஓட்டினேன். அரை மணிக்கும் மேல ஆச்சு கொதி வர. முதல் சொட்டு விழுந்தப்போ வீடெல்லாம் தாம்பூலத் தட்டு வாசனை. அத்தைகூட எட்டிப் பாத்தாங்க.

பத்துப் பன்னெண்டு நிமிஷம் இருக்கும். 'டிக்'னு ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், வளையல் உடையுற மாதிரி. குடுவை அடியில வட்டமா ஒரு கோடு ஓடுச்சு. நான் அடுப்பு ஸ்விட்சை நோக்கிக் கை நீட்டுறதுக்குள்ள அடிப்பாகம் தனியா கழண்டு, கொதிக்கிற தண்ணியும் இலையும் சுடு மணல்ல இறங்கி, குப்புன்னு ஆவி எழும்பி, வீட்டுக் கரண்ட்டு போயிடுச்சு. என் பொண்ணு அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அந்தச் சட்டி பக்கத்துல குந்தி உட்கார்ந்து சொட்டு எண்ணிக்கிட்டு இருந்தா. மோட்டார் வாளிக்கு ஐஸ் எடுக்க எழுந்து போனதால தப்பிச்சா. 8,650 ரூபாயை விடுங்க. இதை நினைச்சா எனக்கு இப்பவும் கை நடுங்குது.

அன்னிக்கே போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். வந்த பதிலை வரிசையா சொல்றேன். "தீ அதிகமா வெச்சிருப்பீங்க மேடம்." மணல்ல வெச்சேன்னேன். "மணல்ல வெச்சா அப்படித்தான் ஆகும்." மணல் தொட்டி எல்லா லேபிலும் இருக்குங்கன்னேன். "கண்ணாடின்னா உடையத்தானே செய்யும்?" அடுத்த நாள்: "பெட்டி பிரிக்கிற வீடியோ எடுத்தீங்களா? எடுக்கலன்னா ஒண்ணும் பண்ண முடியாது." அய்யா, பெட்டியிலயா உடைஞ்சது? அப்புறம், "ஓனர் வெளியூர் போயிருக்கார்." இத்தனை நாளா ஓனர் நான்தான்னு பேசினது யாரு? செவ்வாய்க்கிழமை கடைசியா எடுத்தப்போ, "ஏம்மா, சும்மா சும்மா போன் பண்றே?" அக்கா, மேடம், ஏம்மா. எண்ணி மூணு வாரத்துல இறங்கி வந்துட்டேன்.

இதுக்கு நடுவுல திங்கட்கிழமை ஒரு வேலை பண்ணினேன். மருந்துக் கடையில கிளிசரின் பாட்டில் வாங்கி ஒரு டம்ளர்ல ஊத்தினேன். போரோசிலிக்கேட்டோட ஒளிவிலகல் எண் 1.474, கிளிசரினுக்கும் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒளி வளையாது, கண்ணாடி இருக்கிற இடமே தெரியாது. சாதா சோடாக் கண்ணாடிக்கு 1.52 பக்கம், அது நல்லாத் தெரியும். கல்லூரியில இருந்து பத்திரமா வெச்சிருந்த பழைய போரோசிலிக்கேட் சோதனைக் குழாயை முக்கினேன். காணோம். பசங்க "மிஸ், மேஜிக்!"னு கத்தினாங்க. அப்புறம் அவர் குடுவையோட சில்லை முக்கினேன். டம்ளர்ல எலுமிச்சைத் துண்டு கிடக்குற மாதிரி முழுசாத் தெரிஞ்சுது. விளிம்புல பச்சை வேற அடிக்குது.

ஜன்னல் கண்ணாடி, ஊறுகாய் பாட்டில் ஜாதிங்க அது. சூட்டுல போரோவைவிடக் கிட்டத்தட்ட மூணு மடங்கு விரியும். ஒரு பக்கம் விரிஞ்சு இன்னொரு பக்கம் விரியாம இழுத்துக்கிட்டா உடையாம என்ன செய்யும்? கிளிசரின்ல முக்கினதை வீடியோ எடுத்து அதையும் அனுப்பினேன். நீல டிக் வந்துச்சு. பதில் வரல. நேத்து ராத்திரி பிளாக்.

தளத்துல கேட்டா, "உங்க ஆர்டர் எண் சொல்லுங்க." ஆர்டரே போடலையே நான், 750 ரூபாய் மிச்சம் பிடிச்ச புத்திசாலி! வெளியில குடுத்த காசுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு ரெண்டு வரி. பேங்க்ல, நீங்களே பின் போட்டு அனுப்பினதுதானேன்னாங்க. 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சிருக்கேன், எண் குடுத்திருக்காங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். ஆனா பில் இல்லாம நான் என்னத்தைக் காட்டுறது, யுபிஐ ரசீதும் கிளிசரின் டம்ளருமா? வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. சாப்பிடும்போது மட்டும், "8,650 ரூபாய்க்கு எத்தனை கவுளி வரும்?"னு மாமாகிட்ட கேட்டார். மாமா பதில் சொல்லல.

விளக்கமா எழுதறேன்னேன். மணி அஞ்சாகப் போகுது, பசங்க சைக்கிளை நிறுத்துற சத்தம் கேக்குது. அதனால சுருக்கமா: தளத்துக்கு வெளியில காசு அனுப்பாதீங்க, எவ்வளவு குறைச்சாலும். பில் போட்டோ வந்தப்புறம்தான் பணம். வந்த உடனே எழுத்தை ஈரத்துணியில துடைச்சுப் பாருங்க, நிஜ எழுத்து சுட்டுப் பதிச்சது, துணியில வராது. கிளிசரின்ல முக்கிப் பாருங்க, குடுவை வேண்டாம், அதே செட்டுல வர்ற சின்ன மூடியோ குழாயோ போதும். எல்லா ஜாயிண்ட்டும் ஒரே எண்ணான்னு வாங்குறதுக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க. முதல் தடவை வெறும் தண்ணியைக் கொதிக்க வெச்சுப் பாருங்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு. பிள்ளைங்களைப் பக்கத்துல விடாதீங்க. ஏமாந்தது தெரிஞ்ச உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்க, என்னை மாதிரி நாலு நாள் கெஞ்சிக்கிட்டு இருக்காதீங்க.

இப்பத்தான் பொண்ணு அவ போன்ல காட்டினா. அந்தக் கடைப் பக்கத்துல இன்னிக்குப் புது வீடியோ, அதே 2 லிட்டர் குடுவை. கீழ ஒருத்தர், "ரோஜா பன்னீர் வடிக்கலாமா அண்ணா?"ன்னு கேட்டிருக்கார். "தாராளமா, இன்பாக்ஸ் வாங்க"ன்னு பதில். அந்தக் கேள்வி கேட்டவர் இதைப் படிச்சா, தயவு செஞ்சு இன்பாக்ஸ் போகாதீங்க.