மஞ்சள் பெயின்ட் அடித்த பழைய பக்கெட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய ஜேசிபி பக்கெட்டை (மண் அள்ளும் வாளியை) வாங்கி, வீட்டுப் பட்டறையிலேயே வெட்டிச் சின்னதாக்கி, மினி எக்ஸ்கவேட்டரில் (குழி தோண்டும் சின்ன வண்டியில்) மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கோவைப் பக்கம் ஒரு காயலான் கடையில் எனக்கு விற்ற பக்கெட் பார்வைக்குப் புதுசு. ஆளைக் கொல்லக்கூடிய சாமான் அது.

தோப்பில் குழாய் பதிக்க ஓரடி அகலத்தில் குழி எடுக்க வேண்டியிருந்தது. பெரிய பக்கெட்டின் நடுவில் ஒரு பட்டையை அறுத்தெடுத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெல்டிங் வைத்து, காதுகளின் (பக்கெட்டை வண்டியின் கையில் மாட்டுகிற, ஓட்டை போட்ட இரண்டு தகடுகளின்) இடைவெளியை நம் வண்டிக்குத் தகுந்தபடி மாற்றினால் வேலை முடிந்தது. கடைக்காரரிடம் இதையெல்லாம் விளக்கமாகவே சொன்னேன். "காது, புஷ் எல்லாம் சுத்தமா இருக்குதுங்க, ஓடிட்டு இருந்த வண்டியில கழட்டினது" என்றார். புஷ் என்பது காதின் ஓட்டைக்குள் இருக்கும் வளையம், பக்கெட்டை வண்டியோடு இணைக்கும் பின் அதற்குள்தான் போகும். அப்படிச் சொல்லித்தான் இரும்பு எடைக்கான விலையை விட்டுவிட்டு, ஓடுகிற பக்கெட்டுக்கான விலையை வாங்கினார்.

கிரைண்டரை வைத்ததும் தெரிந்துவிட்டது. காதுக்கு அடியில் தீப்பொறி வரவில்லை, தூள்தான் பறந்தது. கார் டிங்கரிங்கில் பள்ளம் அடைக்கிற அதே பட்டி. அதைச் சுரண்டி எடுத்தால், காதும் முதுகுத் தகடும் சேருமிடத்தில் விரல் நீளத்துக்கு மேல் ஒரு கீறல். கீறலைச் சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது: நுனியில் ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, அடிவரைக்கும் 'வி' மாதிரி தோண்டி, இடத்தைச் சூடாக்கி, ஈரம் ஏறாத 7018 வெல்டிங் ராடால் நிரப்ப வேண்டும். இங்கே மேலாக ஒரு இழுப்பு இழுத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

புஷ் இன்னும் மோசம். பின் போகிற ஓட்டை தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருக்கிறது. அதற்குள் தகட்டை வளைத்துச் செருகி, இரண்டு இடத்தில் டாக் (பொட்டு வெல்டிங்) வைத்து, கிரீஸை அப்பி மூடியிருந்தார்கள். இது தெரியாமல் நடந்தது இல்லை. உட்கார்ந்து, நேரம் செலவழித்துச் செய்த வேலை.

எனக்குக் கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. குழாய் பதிக்கும்போது குழிக்குள் ஆள் நிற்பார். மண்ணும் பக்கெட்டும் சேர்ந்த பாரம் முழுவதையும் தாங்குவது அந்த இரண்டு காதுகள்தான். பாரத்தோடு தூக்கியிருக்கும்போது காது பிய்ந்தால் கீழே இருப்பவர் நகரக்கூட நேரம் கிடைக்காது.

திரும்பக் கொண்டுபோனால், "பழைய சாமான்னா அப்படி இப்படித்தானுங்க இருக்கும், வெட்டினதை எடுக்க மாட்டோம்" என்றார். வெட்டாமல் எப்படித் தெரியும்? அதற்குப் பதில் இல்லை.

வாங்கும் முன் ஒரு காந்தத்தைக் காதடியில் ஒட்டிப் பாருங்கள். கனமான பட்டி இருந்தால் பிடிப்பு விட்டுப்போகும். பின்னைக் கழட்டச் சொல்லி, கிரீஸைத் துடைத்து, வெர்னியர் அளவுகோலால் ஓட்டையை மேல்கீழாகவும் குறுக்காகவும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரே நேரான ஷாஃப்ட்டை நுழைத்துப் பாருங்கள், சிக்கினால் காது வளைந்திருக்கிறது. வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் கீறல் பார்க்கும் ஸ்பிரே மூன்று டப்பாவாகக் கிடைக்கும். பெயின்டைச் சுரண்டித் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, சற்றுநேரம் விட்டுத் துடைத்து, வெள்ளை அடித்தால் கீறல் இருக்குமிடத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். பெயின்டைச் சுரண்டக் கடைக்காரர் விடவில்லை என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அவ்வளவு புதுப் பெயின்ட் காயலான் கடைக்கு எதற்கு?

அப்புறம் பில். எனக்குக் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு, கடைப் பெயர்கூட இல்லை. ஆனால் ஜிபேயில் பணம் போன பதிவும், "காது சுத்தமா இருக்குது" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆடியோவும் என்னிடம் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட்டால் போதும். வாடகைக்கு விடாமல் சொந்தத் தோட்ட வேலைக்கு வாங்கியது என்பதையும் மனுவில் எழுதப் போகிறேன், வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக.

அந்தக் கடையில் இதேபோல மஞ்சள் அடித்த பக்கெட்டுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. சமீபத்தில் அந்தப் பக்கம் வாங்கியவர்கள், வேலைக்கு இறக்குமுன் காதடியை ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.