பிளேஸ்டேஷன் 1 மாட்சிப்: பிக்கில் எழுதுவதா, ஏவிஆரில் எழுதுவதா?

சால்டரிங் அயனைச் சூடாக்கும் முன் கன்சோலைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். மாட்சிப் என்பது நகல் டிஸ்க்கையும் வேறு மண்டல டிஸ்க்கையும் ஓட வைக்கக் கன்சோலுக்குள் பொருத்தும் சிறு சிப்; அதில் எதை வாங்குவது என்ற கேள்வி பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஜப்பானியக் கன்சோல்கள் பலவற்றிலும், ஐரோப்பாவில் விற்ற எஸ்சிபிஎச்-102-லும், டிரைவோடு சேர்ந்து பயாஸும் (கன்சோலைத் தொடங்கி வைக்கும் உள் நிரல்) டிஸ்க்கின் மண்டலத்தைச் சரிபார்க்கிறது. அவற்றுக்கு பயாஸையும் சமாளிக்கும் சிப் வேண்டும். மற்றவற்றுக்கு எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன சிப் போதும்.

பிக், ஏவிஆர் என்பவை நிரல் ஏற்றக்கூடிய சிறு சிப்புகளின் இரண்டு குடும்பங்கள்; கீழே வரும் ஏடிடைனியும் ஏடிமெகாவும் ஏவிஆர் வகை. எந்த சிப் ஆனாலும் செய்யும் வேலை ஒன்றுதான். அசல் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் தடம் மிக நுண்ணியதாக நெளிகிறது. அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்துகள் இருக்கின்றன: ஜப்பானுக்கு எஸ்-சி-இ-ஐ, அமெரிக்காவுக்கு எஸ்-சி-இ-ஏ, ஐரோப்பாவுக்கு எஸ்-சி-இ-இ. வீட்டு சிடி ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. அதனால் மாட்சிப் அதே எழுத்துகளை டிரைவின் கட்டுப்பாட்டுச் சிப்புக்கு நேரடியாக ஊட்டுகிறது. மொத்தம் 44 பிட், பிட்டுக்கு 4 மில்லிசெகண்ட், ஒரு சுற்றுக்கு 176 மில்லிசெகண்ட். இதற்கு நினைவகமும் வேகமும் பெரிதாகத் தேவையில்லை. அந்த 4 மில்லிசெகண்டைச் சிப் சரியாக எண்ணுகிறதா, தவறாக எழுதினால் திரும்ப எழுத முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் 11 பிட்டாக, தனித் தொடக்க பிட்டோடு போவதால், கடிகாரத்தில் ஓரிரு சதவீதம் பிசகினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு மடங்கோ எட்டு மடங்கோ பிசகினால் டிஸ்க் ஓடவே ஓடாது. ஃபிளாஷ் செய்யும்போது, அதாவது சிப்பில் நிரலை எழுதும்போது, நேரும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

பிக் 12சி508ஏ: பழைய அரசன், இன்று வேண்டாம்

தொண்ணூறுகளின் கடைசியில் விற்ற மாட்சிப்புகளில் பெரும்பாலானவை இதுதான். 512 சொல் நினைவகம், உள்ளேயே 4 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். ஒரே ஒரு முறைதான் எழுதலாம் என்பது இதன் பெரிய குறை. தவறான ஹெக்ஸ் கோப்பை (சிப்பில் எழுத வேண்டிய நிரல் கோப்பு) ஏற்றினால் அந்தச் சிப் குப்பைக்குத்தான். எழுதும்போது 4-ஆம் காலுக்கு ஏறக்குறைய 13 வோல்ட் வேண்டும். 12 வோல்டே தரும் மலிவான புரோகிராமர்களில் (சிப்பில் எழுதும் கருவிகள்) பாதி எழுதி நின்றுபோவதும் உண்டு. ஏற்கெனவே எழுதி விற்கப்படும் சிப் கிடைத்தால் போடலாம். வெற்றுச் சிப் வாங்கி நாமே எழுதுவதற்கு இன்று எந்தக் காரணமும் இல்லை.

பிக் 12எஃப்629, 675: கடைசிச் சொல்லைக் காப்பாற்றுங்கள்

இதே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகத்தில் செய்கிறது 12எஃப்629. அனலாக் வசதி கூடுதலாக உள்ள 675-உம் அப்படியே. 1024 சொல் இடம் இருக்கிறது. கால் அமைப்பும் பழையதைப் போலவே: 1-ஆம் காலில் மின்சாரம், 8-இல் தரை. அதனால் பழைய வயரிங் படங்கள் செல்லும். பலருக்கும் பழக்கமான எம்எம்3 என்ற மாட்சிப் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) இதற்கும் கிடைக்கிறது. ஆனால் 12சி508ஏ-வுக்கான ஹெக்ஸ் கோப்பை இதில் ஏற்றக் கூடாது. அது 12 பிட் கட்டளை, இது 14 பிட் கட்டளை. எழுதியது சரி என்று மென்பொருள் சொல்லும், சிப் ஒன்றும் செய்யாது.

உண்மையான ஆபத்து நினைவகத்தின் கடைசி இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சிப்பின் கடிகாரத்தையும் திருத்தும் எண்ணைத் தொழிற்சாலையிலேயே அளந்து 1023-ஆம் இடத்தில் எழுதிவிடுகிறார்கள். ஃபர்ம்வேர் தொடங்கியதும் அந்த இடத்தைக் கூப்பிட்டு, எண்ணை வாங்கிக்கொண்டு திரும்பும். கவனமில்லாத புரோகிராமர் சிப்பை முழுவதும் அழித்தால் அந்த எண்ணும் போய்விடும். பிறகு கூப்பிட்டவன் திரும்பி வருவதில்லை. கட்டளை ஓட்டம் கடைசி இடத்தைத் தாண்டி மறுபடி பூஜ்யத்துக்கு வந்து, முதலிலிருந்தே சுற்றிக்கொண்டிருக்கும். எழுதியது சரிபார்த்தாயிற்று, வயரிங்கும் சரி, ஆனாலும் சிப் செத்ததுபோல் கிடக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே.

எனவே புதுச் சிப்பைச் செருகியதும் எழுதாதீர்கள். முதலில் படியுங்கள். கடைசிச் சொல் 34 என்று தொடங்கும். அதையும், கட்டமைப்புச் சொல்லின் (சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) மேல் இரண்டு பிட்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எண் ஏற்கெனவே போயிருந்தால், பிக்கிட் 2 என்ற புரோகிராமரின் மென்பொருளில் அதை அளந்து மீட்கும் வசதி இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய பிக்கிட் 2-ஐ வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது சிக்கல், மறுமுறை எழுதப் போகும்போது சிப் கண்ணில் படாமல் போவது. உள் கடிகாரத்தில் ஓடிக்கொண்டு, 6, 7-ஆம் கால்களை வெளியீடாக மாற்றிவிட்ட ஃபர்ம்வேர், புரோகிராமர் எட்டிப்பார்க்கும் முன்பே அந்தக் கால்களைப் பிடித்துக்கொள்கிறது. எழுதும் தரவும் துடிப்பும் அதே கால்களில்தான் போக வேண்டும். புரோகிராமர் மென்பொருளில் உயர் வோல்டை முதலில் கொடுக்கும் தேர்வை இயக்கினால் சரியாகிவிடும். சிப் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். கட்டமைப்பில் உள் கடிகாரம் இருக்க வேண்டும், வாட்ச்டாக் (நிரல் சிக்கிக்கொண்டால் சிப்பைத் திரும்பத் தொடங்க வைக்கும் காவல் கடிகாரம்) அணைந்திருக்க வேண்டும். 4-ஆம் காலை ரீசெட்டாக விட்டுவிட்டு எங்கும் இணைக்காமல் போனால், காற்றில் தொங்கும் அந்தக் கால் நினைத்தபோதெல்லாம் சிப்பைத் திரும்பத் தொடங்க வைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் இந்தச் சிப்பின் மேல் மதிப்பு உண்டு. 3.5 வோல்ட், 25 டிகிரி வெப்பத்தில் இதன் கடிகாரம் ஒரு சதவீதத்துக்குள் நிற்கும் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளே சொல்கிறது. கன்சோல் பலகையில் மாட்சிப்புக்கு எடுக்கும் மின்சாரமும் அதே 3.5 வோல்ட்.

ஏடிடைனி85: புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே

தனிப் புரோகிராமர் வாங்க வேண்டாம். ஒரு ஆர்டுயினோ உனோ பலகையே புரோகிராமராக வேலை செய்யும். திறந்த மூல நிரலான பிஎஸ்நீ இதில் ஓடுகிறது. டைனி25, 45-இலும் அடங்கும். இந்த நிரல் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருப்பதில்லை. டிரைவ் எந்தப் பகுதியைப் படிக்கிறது என்பதை எஸ்கியூசிகே, சப்கியூ கம்பிகளில் கேட்டு, தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஊட்டுகிறது. மாட்சிப்பைக் கண்டுபிடித்து நின்றுவிடும் பிற்கால விளையாட்டுகளுக்கு இந்த அடக்கம் பெரிய பலம்.

வேலை இப்படி. உனோவில் ஆர்டுயினோஐஎஸ்பி ஸ்கெட்ச்சை ஏற்றுங்கள். ஏற்றி முடித்த பிறகு உனோவின் ரீசெட்டுக்கும் தரைக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் செருகுங்கள். நெகட்டிவ் கால் தரைப் பக்கம். முன்னரே செருகினால் ஸ்கெட்ச் ஏறாது. செருகாமலே விட்டால் உனோ தன்னையே ரீசெட் செய்துகொண்டு டைனியை மறந்துவிடும். உனோவின் 10 டைனியின் 1-ஆம் காலுக்கு, 11 அதன் 5-க்கு, 12 அதன் 6-க்கு, 13 அதன் 7-க்கு. மின்சாரம் 8-இல், தரை 4-இல். பிக்கோடு ஒப்பிட்டால் மின்சாரக் கால்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. பிக்குக்கான சாக்கெட்டில் இதைச் செருகவே கூடாது. எழுதும்போது டைனியின் அடையாள எண் முழுக்கப் பூஜ்யமாக வந்தால் வயரிங்கிலோ கெப்பாசிட்டரிலோதான் கோளாறு.

இப்போது எல்லோரும் தாண்டிப் போகும் படி. புது டைனியின் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸ். ஆனால் அதை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் (சிப்பின் நிலையான அமைப்பு பிட்) இயங்கிய நிலையிலேயே சிப் வருகிறது. ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸில். 8 மெகாஹெர்ட்ஸுக்கு எழுதிய நிரல் அதில் ஓடினால் 4 மில்லிசெகண்ட் பிட் 32 ஆக நீளும். ஆர்டுயினோ மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் டைனிகோரில் 8 மெகாஹெர்ட்ஸ் உள் கடிகாரத்தைத் தேர்ந்து, பூட்லோடர் (தொடக்கத்தில் ஓடி நிரலை ஏற்றிக்கொள்ளும் சிறு நிரல்) எழுதும் கட்டளையை ஒரு முறை கொடுங்கள். பெயர் அப்படி இருந்தாலும் இந்தத் தேர்வில் அது ஃபியூஸ்களை மட்டுமே அமைக்கும். பிறகுதான் நிரல், அதுவும் புரோகிராமர் வழியாக ஏற்றும் கட்டளையால். ஃபியூஸைக் கையால் மாற்றுபவர்கள் ரீசெட் காலை அணைக்கும் பிட்டைத் தொட வேண்டாம். அதன்பின் 12 வோல்ட் புரோகிராமர் இல்லாமல் அந்தச் சிப்புக்குள் நுழைய முடியாது.

யூஎஸ்பி முனையோடு வரும் டிஜிஸ்பார்க் பலகையும் டைனி85தான். ஆனால் அதை அப்படியே போடாதீர்கள். அதன் பூட்லோடர் தொடக்கத்தில் சில விநாடி காத்திருக்கும். அதற்குள் கன்சோல் டிஸ்க்கைச் சோதித்து மறுத்துவிடும். கடிகாரமும் 16.5 மெகாஹெர்ட்ஸ்.

தொழிற்சாலைத் திருத்தத்தில் டைனியின் கடிகாரத்துக்கு 10 சதவீதம் வரை பிழை அனுமதி உண்டு. நடைமுறையில் பெரும்பாலானவை அதைவிட நன்றாகவே இருக்கும். பிக்கின் ஒரு சதவீத உறுதி இங்கே இல்லை.

புரோ மினி: பயாஸ் கேட்டால் மட்டும்

ஏடிமெகா328 உள்ள ஆர்டுயினோ புரோ மினியில் பிஎஸ்நீ பயாஸ் சோதனையையும் மாற்றிவிடும். பயாஸ் சிப்பின் ஒரு தரவுக் கம்பியைச் சரியான நொடித்துணுக்கில் பிடித்து இழுப்பதே அதன் உத்தி. அதற்குக் கூடுதல் கம்பிகளும் 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் தேவை. டைனியில் இரண்டும் இல்லை.

வாங்கும்போது 16 மெகாஹெர்ட்ஸ் பலகையா, 8 மெகாஹெர்ட்ஸ் பலகையா என்று படிகத்தின் மேல் உள்ள எழுத்தை நேரில் படியுங்கள். இரண்டும் ஒரே 57600 வேகத்தில் நிரலை ஏற்றுக்கொள்வதால், மென்பொருளில் தவறான பலகையைத் தேர்ந்தாலும் ஏற்றம் வெற்றிகரமாக முடியும். கன்சோலில் மட்டும் பிட் 8 மில்லிசெகண்டாகவோ 2 ஆகவோ ஓடும். 3.5 வோல்ட்டை ராவ் முனையில் கொடுக்காமல் விசிசி முனையில் கொடுங்கள். ராவ் வழியாகப் போனால் ரெகுலேட்டர் அதிலும் கொஞ்சம் தின்றுவிடும். தரவுத்தாள்படி 16 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 3.8 வோல்ட் வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. 3.5-இல் பலரும் ஓட்டுகிறார்கள், ஓடுகிறது, ஆனால் அது வரம்புக்கு வெளியே. டைனி 8 மெகாஹெர்ட்ஸில் 2.7 வோல்டுக்கே வரம்புக்குள் நிற்கும். அதனால் அமெரிக்க எஸ்சிபிஎச்-1001-க்கோ 7501-க்கோ புரோ மினியைப் போடுவது வீண்.

கன்சோலுக்குள் போகும் முன் சோதனை

சால்டர் செய்த பிறகு தவறைத் தேடுவது கொடுமை. ஏவிஆர் சிப் எதுவானாலும் முதலில் ஒரு காலை 4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை மேலும் கீழும் மாற்றும் சிறு நிரலை ஏற்றுங்கள். அதிர்வெண் அளக்கும் மல்டிமீட்டரில் 125 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். 15.6 காட்டினால் டைனியின் வகுக்கும் ஃபியூஸ் இன்னும் இயங்குகிறது. 62.5 அல்லது 250 காட்டினால் புரோ மினியின் பலகைத் தேர்வு தவறு. 120-க்கும் 130-க்கும் நடுவே இருந்தால் தைரியமாகப் போகலாம். 12எஃப்629-க்கு இன்னும் எளிது. கட்டமைப்பில் கடிகாரத்தை வெளியே விடும் தேர்வைத் தற்காலிகமாக இயக்கினால் 3-ஆம் காலில் 1 மெகாஹெர்ட்ஸ் வரும்.

பிஎஸ்நீ ஏற்றிய சிப்பை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தால் தரவுக் கால் அமைதியாக இருக்கும். அது பழுதில்லை. சப்கியூவில் எதுவும் வராதவரை அது பேசாது. கன்சோலில் பொருத்திய பின் லாஜிக் அனலைசர் வைத்துப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். பழைய பலகைகளில் அது பூஜ்யத்துக்கு மட்டும் கம்பியைத் தரைக்கு இழுக்கும், ஒன்றுக்குக் கையை விட்டுவிடும். கம்பியைக் கன்சோலிலிருந்து பிரித்து அளந்தால் வெறும் குப்பைதான் தெரியும். 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றால் அதை 3.5 வோல்டுக்கு இழுத்துக் கட்டினால் 44 பிட்டும் தெளிவாக நிற்கும்.