ஒரு டிக்கெட்டுக்குதான் காசு இருக்கு: ஜெனிவாவா, நியூயார்க்கா, கொழும்பா?

புதுக்கோட்டை பக்கம் கல்ஃப் போய் திரும்பினவங்களுக்காக ஒரு சின்ன சங்கம் நடத்துற நண்பர் போன வாரம் போன் பண்ணாரு. யாரோ ஒரு ஃபவுண்டேஷன் வெளிநாட்டு மீட்டிங் ஒண்ணுக்கு போக செலவு ஏத்துக்கறோம்னு சொல்லிருக்காங்களாம், ஒரு ஆள், ஒரு ட்ரிப், அவ்வளவுதான். "எங்க போனா நம்ம பசங்களுக்கு ஏதாவது நடக்கும்? நீங்கதான் இதெல்லாம் படிப்பீங்களே, சொல்லுங்க"ன்னாரு. அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம்னு ஆரம்பிச்சேன், ராத்திரி பதினோரு மணி ஆயிடுச்சு. அதைத்தான் இங்க கொஞ்சம் ஒழுங்குபடுத்தி போடறேன்.

முதல்ல ஒரு விஷயம். இடம்பெயர்வு பத்தி உலக அளவுல எந்த டாக்குமெண்ட்டை எடுத்தாலும் "சிவில் சொசைட்டியோட சேர்ந்து"ன்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், அதாவது அரசுக்கு வெளிய இருக்கற சங்கங்கள், அமைப்புகளோட. அதை நம்பி பெட்டி கட்டக்கூடாது. கல்யாண வீட்டுக்கு கூப்பிடறதுலயே எத்தனை வகை இருக்கு பாருங்க, பந்தியில உட்கார வைக்கிறது ஒண்ணு, வாசல்ல சந்தனம் கொடுத்து அனுப்புறது ஒண்ணு, முன்னாடியே சமையல்கட்டுல வந்து மெனு முடிவு பண்ணுங்கன்னு கூப்பிடறது வேற. மெனு முடிவு பண்ற இடத்துல நாம இருக்கமா, நான் பார்த்தது அதை மட்டும்தான்.

ஐநா ரூட்டுல இருந்து வர்றேன். பேர்ல பெருசு அதுதான். 2016 செப்டம்பர் 19ல நியூயார்க் பிரகடனம் வந்துச்சு, அதுல இருந்து கிளம்பினதுதான் பாதுகாப்பான, ஒழுங்கான, முறையான இடம்பெயர்வுக்கான உலக ஒப்பந்தம். 2017 முழுக்க கருத்துக் கேட்பு, 2018 பிப்ரவரியில முதல் வரைவு, அப்புறம் ஆறு ரவுண்டு பேச்சுவார்த்தை, ஜூலை 13ல டெக்ஸ்ட் ரெடி, டிசம்பர்ல மராக்கெஷ்ல ஏத்துக்கிட்டாங்க. மெக்சிகோவும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து நடத்தினாங்க, அந்த ரெண்டு தூதர்களும் சிவில் சொசைட்டி ஆளுங்களை ஓரளவு மரியாதையாவே நடத்தினாங்கன்னு சொல்லணும். 2017 நவம்பர்லயே உலகம் முழுக்க இருக்கற அமைப்புகள் சேர்ந்து பத்து அம்ச கோரிக்கை ஒண்ணு போட்டு கையில கொடுத்தாங்க.

பலன் கிடைச்சுதா? கிடைச்சுது. மொத்தம் 23 நோக்கம், அதுல ஆறாவதை எடுத்துக்கங்க, ஏஜெண்ட்டோ முதலாளியோ ஆள் எடுக்கற செலவை தொழிலாளி தலையில கட்டக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. ஒன்றரை லட்சம் கடன் வாங்கி விசா வாங்கின எந்தக் குடும்பத்துக்கும் இந்த வரியோட அர்த்தம் புரியும். ஆனா இன்னொரு பக்கம், குழந்தைகளை குடியேற்றக் காரணத்துக்காக அடைச்சு வைக்கவே கூடாதுன்னு அமைப்புகள் கேட்டாங்க, கடைசி டெக்ஸ்ட்ல "அந்த வழக்கத்தை முடிவுக்கு கொண்டுவர உழைப்போம்"னு வந்துச்சு. "நிறுத்தறோம்"க்கும் "நிறுத்த உழைக்கிறோம்"க்கும் இருக்கற தூரம்தான் நியூயார்க்ல சிவில் சொசைட்டியோட பலம் எவ்வளவுங்கறதுக்கு அளவு. பேனா நம்ம கையில இல்ல, பேனா வச்சிருக்கறவர் காதுக்கு பக்கத்துல நிக்கலாம், அவ்வளவுதான்.

அதே மாதிரி, ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் போற பேப்பர் இல்லாத ஆளோட விவரம் இமிக்ரேஷன் போலீஸுக்கு போகக்கூடாது, நடுவுல ஒரு சுவர் வேணும்னு ரொம்ப நாள் கேட்டாங்க. கடைசியில வந்த வரி, அந்த ஒத்துழைப்பால அவங்க நிலைமை இன்னும் மோசமாகாம பாத்துக்கணும்ங்கற மாதிரி. சுவர் கேட்டா திரைச்சீலை கிடைச்சுது. சரி, அதுவாவது கிடைச்சுதேன்னும் சொல்லலாம்.

ஐநா பொதுச்சபையில ஓட்டெடுப்பு 152க்கு 5, 12 நாடு ஒதுங்கிடுச்சு. எதிர்த்த அஞ்சு பேர் அமெரிக்கா, ஹங்கேரி, இஸ்ரேல், செக் குடியரசு, போலந்து. இந்தியா ஆதரவு. ஆனா இது சட்டப்படி கட்டுப்படுத்தாத ஒப்பந்தம்னு முன்னுரையிலயே எழுதியிருக்கு, அதனால ஆதரிச்ச யாருக்கும் தூக்கம் கெடல. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பரிசீலனைக் கூட்டம், முதல் கூட்டம் 2022 மே மாசம் நியூயார்க்ல. நாடுகள் கூட்டத்துக்கு முந்தின நாள் நமக்கு தனியா ஒரு நாள், அதுல ரெண்டு மூணு நிமிஷம் மைக்.

அந்த மைக் வரைக்கும் போறதே பெரிய கதை. ஐநாவோட பொருளாதார சமூக கவுன்சில்கிட்ட ஆலோசனை அந்தஸ்து வாங்கியிருக்கணும், இல்லன்னா அந்தக் கூட்டத்துக்குன்னு ஸ்பெஷலா அப்ளை பண்ணணும், அதுல ஏதாவது ஒரு நாடு ஆட்சேபணை சொன்னா போச்சு. அந்தஸ்து வாங்கறது எவ்வளவு கஷ்டம்னா, சர்வதேச தலித் ஒற்றுமை வலையமைப்பு 2008ல அப்ளை பண்ணுச்சு, அந்தஸ்து கொடுக்கறதை பரிசீலிக்கற கமிட்டியில இந்தியா கேள்வி மேல கேள்வியா கேட்டு இழுத்து, 2022 டிசம்பர்லதான் கிடைச்சுது. பொண்ணு பிறந்தப்ப அப்ளை பண்ணியிருந்தா ஒன்பதாம் கிளாஸ் வந்திருக்கும். இதுக்கு மேல அமெரிக்க விசா அப்பாயின்ட்மெண்ட் வேற. நண்பர்கிட்ட இதைச் சொன்னதும் "நியூயார்க்கை அடிச்சுடுங்க"ன்னாரு.

அடுத்தது ஜிஎஃப்எம்டின்னு ஒண்ணு, இடம்பெயர்வு மற்றும் வளர்ச்சிக்கான உலக மன்றம். 2007ல பிரஸ்ஸல்ஸ்ல ஆரம்பிச்சுது, ஐநாவுக்கு வெளிய, நாடுகளே மாத்தி மாத்தி தலைமை ஏத்து நடத்தறாங்க. மணிலா, ஏதென்ஸ், டாக்கான்னு சுத்தி வந்திருக்கு. உள்ள போறது இங்க ஈஸி. சிவில் சொசைட்டிக்குன்னு தனி நாட்கள் உண்டு, 2010ல மெக்சிகோவோட புவெர்ட்டோ வயார்ட்டாவுல நடந்தப்ப "பொது வெளி"ன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, அமைச்சரும் அமைப்புக்காரரும் ஒரே ஹால்ல உட்கார்ந்து பேசலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க பேச்சுவார்த்தையே நடக்கறதில்ல, ஒப்பந்தம் கிடையாது, ஓட்டு கிடையாது, தீர்மானம் கிடையாது. நிறைய விசிட்டிங் கார்டு கிடைக்கும். அதை கேவலமா சொல்லல, அங்க பத்து வருஷம் பழகின பழக்கம்தான் 2018ல நியூயார்க்ல நிறைய பேருக்கு கை கொடுத்துச்சு. ஆனா தலைமை ஏத்துக்கற நாட்டைப் பொறுத்து கதவு அகலம் மாறும். 2020ல ஐக்கிய அரபு அமீரகம் தலைமை, தொழிற்சங்கமே வைக்க முடியாத நாடு அது, கொரோனாவால கடைசியில கூட்டம் ஆன்லைன்ல போச்சு.

2008 மணிலா கூட்டத்தப்ப இன்னொரு கோஷ்டி உள்ளயே போகாம வெளிய தனியா மாநாடு நடத்தினாங்க. அதே வருஷம் ஹாங்காங்ல உருவான சர்வதேச புலம்பெயர்ந்தோர் கூட்டணி ஆளுங்க அதுல முக்கியம், பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போன பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்கள். இவ்வளவு நாள் எங்களுக்காக வேற யாரோ பேசினீங்க, இனி நாங்களே பேசிக்கறோம்ங்கறதுதான் அவங்க நிலைப்பாடு. உள்ள போய் கோட்டு போட்டுக்கிட்டு பேசற என்ஜிஓக்காரங்க மேல அவங்களுக்கு இருக்கற கோபம் எனக்கு நியாயமாத்தான் படுது. ஆனா ஒரே டிக்கெட் வச்சிருக்கற ஆளுக்கு வெளிய நின்னு கோஷம் போட ஜெனிவா எதுக்கு, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டே போதும்.

நமக்கு பக்கத்துல இருக்கறது கொழும்பு செயல்முறை. 2003ல ஆரம்பிச்சுது, ஆள் அனுப்பற ஆசிய நாடுகள் கூடற இடம், இந்தியா, இலங்கை ரெண்டும் உண்டு. 2008ல இருந்து ஆள் எடுக்கற வளைகுடா நாடுகளும் சேர்ந்த அபுதாபி உரையாடல். பேப்பர்ல பார்த்தா நம்மாளுக்கு இதைவிட பொருத்தமான இடம் கிடையாது, அனுப்பறவனும் எடுக்கறவனும் ஒரே மேஜையில. நடைமுறையில ரெண்டுமே அதிகாரிங்க கூடற இடம், நம்மள மாதிரி ஆளுங்க கூப்பிட்டா போகலாம், பார்வையாளரா உட்காரலாம். அதோட அனுப்பற நாடுகளுக்குள்ளயே போட்டி, ஒருத்தன் குறைந்தபட்ச சம்பளத்தை ஏத்தினா முதலாளி பக்கத்து நாட்டுக்கு போயிடுவான்ங்கற பயம்.

இந்த பயம் எங்க கொண்டு விடும்னு 2020ல பார்த்தோம். வளைகுடா போற இந்தியர்களோட குறைந்தபட்ச பரிந்துரை ஊதியத்தை, அதாவது இதுக்கு கீழ சம்பளம் பேசி ஆள் எடுக்கக்கூடாதுன்னு அரசு வைக்கற அளவை, அந்த செப்டம்பர்ல மத்திய அரசே 30ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் குறைச்சுது. வேலை போகாம இருக்கணும்னு காரணம். எந்த சர்வதேச மேஜையிலயும் யாரும் இதை தடுக்கல. தெலங்கானா ஹைகோர்ட்ல பொதுநல வழக்கு போட்டாங்க, 2021 ஜூலையில பழைய ஊதியத்துக்கே திரும்பிட்டாங்க. ஐதராபாத்துக்கு ரயில் டிக்கெட் எவ்வளவுன்னு பாத்துக்கங்க. நண்பர் இதைக் கேட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

தென்கிழக்கு ஆசிய நாடுகளோட கூட்டமைப்பான ஆசியான் பத்தி ஒரு பத்தி மட்டும், ஏன்னா இந்தியா அதுல உறுப்பு இல்ல, நம்ம சங்கத்துக்கு அங்க நாற்காலி கிடையாது, சிங்கப்பூர்லயும் மலேசியாவுலயும் நம்ம ஆளுங்க இவ்வளவு பேர் வேலை பார்த்தும். 2008ல இருந்து புலம்பெயர் தொழிலாளர் மன்றம்னு வருஷா வருஷம் நடத்தறாங்க, அரசு, முதலாளி, யூனியன், சிவில் சொசைட்டி நாலு பேரும் ஒரே ரூம்ல உட்கார்ந்து பரிந்துரை எழுதறாங்க. மாடல் நல்ல மாடல். ஆனா 2007 செபு பிரகடனத்துல சொன்னதை உடன்பாடா மாத்த 2017 வரைக்கும் ஆச்சு, பத்து வருஷம் இழுத்து வந்ததும் கட்டுப்படுத்தாத உடன்பாடுதான்.

இப்ப என்னோட ஓட்டு எதுக்குன்னு சொல்லிடறேன், ஐஎல்ஓ. சர்வதேச தொழிலாளர் அமைப்பு, ஜெனிவா, வருஷா வருஷம் ஜூன்ல மாநாடு. மத்த எல்லா இடத்துலயும் அரசுக்கு மட்டும்தான் ஓட்டு, இங்க ஒவ்வொரு நாட்டுக்கும் நாலு ஓட்டு, அரசுக்கு 2, முதலாளிக்கு 1, தொழிலாளிக்கு 1. அந்த தொழிலாளி ஓட்டு அரசு சொல்றபடி போட வேண்டியதில்ல, அரசு ஆமாங்கும்போது அவர் இல்லைன்னு போடலாம்.

என்ஜிஓவுக்கு இங்க ஓட்டு இல்லதான், ஆனா 2011ல வீட்டு வேலைக்காரங்க அதை எப்படி தாண்டினாங்கன்னு பாருங்க, எனக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும். 2006ல ஆம்ஸ்டர்டாம்ல கூடினாங்க, சர்வதேச அளவுல ஒரு வலையமைப்பு கட்டினாங்க, ஏற்கனவே ஐஎல்ஓவுக்குள்ள கால் வச்சிருந்த உணவுத் தொழிலாளர் யூனியன் ஒண்ணோட குடை கீழ போய் நின்னாங்க. அப்புறம் அவங்கவங்க நாட்டு யூனியன்கிட்ட போய் உங்க டெலிகேஷன்ல எங்களுக்கும் இடம் கொடுங்கன்னு கேட்டாங்க. எல்லா யூனியனும் சிரிச்ச முகமா கொடுத்திருக்காது, வீட்டு வேலையை வேலைன்னே ஒத்துக்காத ஆளுங்க அங்கயும் உண்டு. ஆனாலும் 2010லயும் 2011லயும் பாத்திரம் தேய்ச்ச பெண்களே அந்த ஹால்ல உட்கார்ந்தாங்க. முதலாளி தரப்பு வெறும் பரிந்துரை போதும், நாடுகளைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தம் வேண்டாம்னு நின்னுச்சு. ஆரம்பத்துல எதிர்ப்பா இருந்த கல்ஃப் நாடுகளும் இந்தியாவும் கடைசியில ஆதரவு பக்கம் வந்துட்டாங்க. 2011 ஜூன் 16, 396 ஓட்டு ஆதரவு, 16 எதிர்ப்பு, 63 நடுநிலை. அதுதான் 189ஆம் எண் ஒப்பந்தம்.

டெக்ஸ்டை படிச்சுப் பாருங்க, யார் பக்கத்துல உட்கார்ந்து எழுதினாங்கன்னு வாசனையே வரும். பாஸ்போர்ட் தொழிலாளி கையிலதான் இருக்கணும். எல்லை தாண்டறதுக்கு முன்னாடியே எழுத்துல வேலை உறுதியோ காண்ட்ராக்டோ கைக்கு வரணும். ஏஜென்சி கட்டணத்தை சம்பளத்துல பிடிக்கக்கூடாது. "உழைப்போம்", "முயல்வோம்"னு வழுக்கற இடம் ரொம்ப கம்மி.

குறையும் சொல்லணும். ஐஎல்ஓவுல 187 நாடு இருக்கு, கால்வாசி கூட இதை உறுதிப்படுத்தல, அதாவது இது எங்களை சட்டப்படி கட்டுப்படுத்தும்னு ஏத்துக்கல. ஆதரிச்சு ஓட்டுப் போட்ட இந்தியா இன்னும் உறுதிப்படுத்தல. ஆனா உறுதிப்படுத்தின இடத்துல நடந்ததும் இருக்கு, பிலிப்பைன்ஸ் 2012ல உறுதிப்படுத்தி 2013 ஜனவரியில வீட்டு வேலைக்குன்னு தனி சட்டமே போட்டுடுச்சு. உறுதிப்படுத்தாத நாட்டுலயும் கோர்ட்டுல தூக்கிக் காட்ட ஒரு பேப்பர் கிடைச்சுது. உலக ஒப்பந்தத்தோட ஆறாவது நோக்கத்தையும் தூக்கிக் காட்டலாம், ஆனா எதிர்தரப்பு வக்கீல் முதல் நிமிஷத்துலயே "இது கட்டுப்படுத்தாதுன்னு அதுலயே எழுதியிருக்கு"ம்பாரு.

நண்பர் விடல. "ஓட்டு போடறது யூனியன்காரர்னா நான் எதுக்கு போகணும்? அவர் எனக்காக ஏன் பேசப்போறாரு?" நல்ல கேள்வி. இந்தியாவோட தொழிலாளர் பிரதிநிதி யாருன்னு மத்திய அரசு பெரிய தொழிற்சங்கங்களோட பேசி முடிவு பண்ணும், கல்ஃப்ல டிரைவர் வேலை பார்த்து கால் உடைஞ்சு வந்த ஆள் அந்த லிஸ்ட்ல இருக்க மாட்டாரு. ஆனா 1996ல வீட்டிலிருந்து வேலை செய்யறவங்களுக்கான ஒப்பந்தம் வந்ததுக்குப் பின்னாடி குஜராத்தோட பெண் தொழிலாளர் அமைப்பான சேவா இருந்துச்சு, அவங்களும் ஆரம்பத்துல யூனியன்காரங்க கண்ணுக்கு தொழிலாளியாவே தெரியாதவங்கதான். ஜூன்ல ஜெனிவாவுல போய் இறங்கி அறிமுகம் பண்ணிக்கிட்டா வேலைக்கு ஆகாது, டிசம்பர்லயே திருச்சியில பண்ணணும்.

அதனால ஃபவுண்டேஷனுக்கு பதில் எழுதறதை தள்ளி வச்சிருக்காரு. இப்போதைக்கு திருச்சி பெல் (BHEL) ஏரியாவுல தெரிஞ்ச யூனியன் ஆள் ஒருத்தரை ஞாயித்துக்கிழமை பார்க்கப் போறாராம், வாங்கிவச்ச பாஸ்போர்ட்டை முதலாளி திருப்பித் தராத கேஸ் பதினோரு ஃபைல் பையில எடுத்துக்கிட்டு.