வாலபீஸ் தேர்வு: கிளப் ஃபார்மா, டெஸ்ட் அனுபவமா?

ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி அணியான வாலபீஸை அறிவிக்கும்போதெல்லாம் அந்த நாட்டு ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இந்த சீசனில் கிளப் போட்டியான சூப்பர் ரக்பியில் யார் நன்றாக ஆடினாரோ அவரை எடு, பழைய பெயரைப் பார்க்காதே என்கிறது ஒரு கட்சி. நாடுகள் மோதும் டெஸ்ட் ஆட்டத்தின் சூடே வேறு, அதில் அடிபட்டுத் தேறியவர்தான் வேண்டும் என்கிறது மற்றது. ரஞ்சி ரன்களை வைத்து கிரிக்கெட்டில் நடக்கும் அதே சண்டைதான். ஆனால் இங்கே அளந்து பார்க்க மாநில அணிகள் வரிசையாக நிற்பதில்லை. மெல்போர்ன் ரெபல்ஸை 2024 சீசனோடு மூடிவிட்டார்கள். மிஞ்சியவை நாலு: ரெட்ஸ், வாரட்டாஸ், பிரம்பீஸ், ஃபோர்ஸ். அதாவது ஒரு இடத்துக்கு வாராவாரம் முதல் பதினைந்தில் ஆடுகிறவர்கள் நாலே பேர். அதில் ஒருவர் காயம், ஒருவர் வெளிநாட்டுக்காரர் என்றால் ‘ஃபார்ம்’ என்று பேச என்ன மிச்சம்?

எல்லா ஜெர்சிக்கும் ஒரே விதி என்று இரண்டு கட்சியும் பேசுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பந்தைப் பிடுங்கும் 7ஆம் நம்பருக்குச் சரியாக வரும் அளவுகோல் 10ஆம் நம்பருக்குக் காலை வாரிவிடும்.

10ஆம் நம்பரையே எடுத்துக்கொள்வோம். ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை ஹாஃபின் இடம் அது. 2023 உலகக் கோப்பைக்குப் பயிற்சியாளர் எட்டி ஜோன்ஸ் அழைத்துப்போன 33 பேரில் முழுநேர ஃப்ளை ஹாஃப் கார்ட்டர் கார்டன் ஒருவர்தான். ரெபல்ஸுக்காக அந்த ஆண்டு நன்றாக ஆடியிருந்தார், அதனால் கிளப் ஃபார்ம் கட்சி குறை சொல்ல வழியில்லை. துணைக்கு, ஃபுல்பேக்கிலும் ஆடக்கூடிய பென் டொனால்ட்சன். மூத்த ஃப்ளை ஹாஃப் குவேட் கூப்பரை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். சென்ட் எட்டியனில் ஃபிஜியிடம் 22-15 என்று தோற்ற ஆட்டத்தில், இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கார்டனை வெளியே இழுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வேல்ஸுக்கு எதிராக டொனால்ட்சனுக்கு 10ஆம் நம்பர், 40-6 என்று தோல்வி. உலகக் கோப்பை வரலாற்றில் முதல் தடவையாக ஆஸ்திரேலியா முதல் சுற்றோடு திரும்பியது.

கூப்பர் போயிருந்தால் ஜெயித்திருப்பார்களா? சொல்ல முடியாது. அவருக்கு அப்போது 35 வயது, முந்தைய ஆண்டு அக்கிலீஸ் தசைநார் அறுந்து மீண்டு வந்தவர், ஜப்பானில் அவருடைய கிளப் பட்டியலின் அடியில் கிடந்தது. ஃபார்ம் என்று பார்த்தால் அவர் பெயரே வந்திருக்காது. ஆனால் 2021ஐ நினைத்துப் பாருங்கள். நாலு வருடம் வாலபீஸ் பக்கமே வராதவரை அன்றைய பயிற்சியாளர் டேவ் ரென்னி திரும்ப அழைத்தார். கோல்ட் கோஸ்டில் எதிரே உலகச் சாம்பியன் தென்னாப்பிரிக்கா. எட்டு உதை, எட்டும் கம்பங்களுக்கு நடுவே. எட்டாவது, ஆட்ட நேரம் முடிந்த பிறகு உதைத்த பெனால்டி. 28-26. அதில் 23 புள்ளி கூப்பருடையது. அப்படிப்பட்ட நிதானம் கிளப் சீசனின் புள்ளிவிவரத்தில் தெரியாது.

இதே கேள்வி 2025இல், பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டு அணியான லயன்ஸின் சுற்றுப்பயணத்தின்போது வேறு உருவில் வந்தது. முதல் தேர்வான நோவா லொலேசியோவுக்கு ஃபிஜி ஆட்டத்தில் கழுத்தில் அடி. பயிற்சியாளர் ஜோ ஷ்மிட் கையில் இரண்டு வழி இருந்தன. ஒன்று, ரெட்ஸ் அணியின் இளைஞர் டாம் லைனா. அதுவரை ஒரு டெஸ்ட்டையும் முதல் பதினைந்தில் தொடங்காதவர். இன்னொன்று, 35 வயது ஜேம்ஸ் ஓ'கானர். அவர் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் குரூசேடர்ஸ் கிளப்பின் பெஞ்சிலிருந்து வந்து ஆட்டங்களை முடித்துக்கொடுத்து, அந்த அணியோடு கோப்பையும் வென்றிருந்தார். ஷ்மிட் இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். லைனா சறுக்கவும் இல்லை. மூன்று டெஸ்டையும் அவர்தான் தொடங்கினார், சிட்னியில் ஆஸ்திரேலியா 22-12 என்று ஜெயித்தது. தலையில் அடிபட்டு அவர் நடுவில் வெளியேற வேண்டியிருந்தது வேறு விஷயம்.

ஆனால் இரண்டாவது டெஸ்ட் இன்னும் உறுத்துகிறது. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 90,000க்கும் மேல் கூட்டம், ஆஸ்திரேலியா 23-5 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில்கூட 26-17. கடைசி நிமிடத்தில் லயன்ஸின் ஹ்யூகோ கீனன் பந்தோடு கோட்டைத் தாண்டி டிரை போட்டார், லயன்ஸுக்கு 29-26, தொடர் போயிற்று. அந்த டிரைக்கு முன் லயன்ஸின் ஜாக் மார்கன் ஆஸ்திரேலிய வீரர் ஒருவரை மோதித் தள்ளியது தப்பா சரியா என்ற வாக்குவாதம் வேறு ஓயவில்லை. என் கேள்வி அது அல்ல. முன்னிலையை அணைத்துப் பிடிக்கத் தெரிந்த ஆளைப் பெஞ்சில்கூட வைக்காமல் அந்த ஆட்டத்துக்குப் போனார்களே, அதுதான். சரியாக மூன்று வாரம் கழித்து ஷ்மிட் ஓ'கானரைத் தென்னாப்பிரிக்காவின் எல்லிஸ் பார்க்கில் 10ஆம் நம்பரில் இறக்கினார். 0-22 என்று கிடந்த அணி 38-22 என்று ஜெயித்தது. 1963க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அதுதான் முதல் வெற்றி.

அதனால் 10ஆம் நம்பரில் என் ஓட்டு ஒரு இளைஞர், ஒரு பழம்புலி என்ற ஜோடிக்கு. யார் தொடங்குவது என்பதைக் கிளப் ஃபார்ம் தீர்மானிக்கட்டும். இருவரும் இளைஞர்கள் என்றால் 2023தான்.

முன்வரிசை வேறு கதை. டனியேலா டூப்போவுக்கு வாரட்டாஸில் 2025 சீசன் சரியாகவே போகவில்லை. லயன்ஸுக்கான முதல் பட்டியலில் பெயர் இல்லை. ஃபார்ம் விதிப்படி நியாயம்தான். அப்புறம் ஆலன் அலாலடோவாவுக்குக் காயம், மூன்றாவது டெஸ்ட்டில் டூப்போவை 3ஆம் நம்பரில் இறக்க வேண்டிய கட்டாயம். மழையில், ஃபார்வர்டுகள் பின்னிக்கொண்டு தள்ளும் ஸ்க்ரம்மை அவர் முன்னே தள்ளியதையும், பந்தைக் கையில் வைத்து முட்டிக்கொண்டு போனதையும் பார்த்தவர்கள், இவரையா வெளியே வைத்தோம் என்று வாயடைத்துப் போனார்கள். 3ஆம் நம்பரில் ஆடும் டைட் ஹெட் ப்ராப் கிடைப்பது அரிது. அந்த உடம்பும் அந்த பலமும் உள்ளவரைக் கிளப்பின் சோர்வான சீசன் ஒன்றுக்காக ஒதுக்குவது வீண் ஆடம்பரம். அப்போது பிரான்ஸின் லா ரோஷெல் கிளப்பில் ஆடிய வில் ஸ்கெல்டனும் இதே ரகம்: முதல் டெஸ்ட்டில் இல்லை, இரண்டாவதில் வந்தார், ஆட்டத்தின் தொடக்கமே மாறிவிட்டது.

பின்வரிசை ஃபார்வர்டுகளில் கிளப் ஃபார்ம் கட்சிக்கே முழு மதிப்பெண். 7ஆம் நம்பர் ஃப்ரேஸர் மெக்ரைட் ரெட்ஸுக்காக பந்தை வாராவாரம் பிடுங்குகிறார், டெஸ்ட்டிலும் அதையேதான் செய்கிறார். கார்லோ டிசானோ ஃபோர்ஸுக்காக டிரை குவித்ததால் அவருக்குப் பெஞ்சில் இடம் வந்தது. இங்கே சண்டைக்கு வேலையில்லை.

இரண்டு கட்சியையும் ஒரே நாளில் ஊமையாக்கியவர் ஜோசஃப் சுவாலி. வாலபீஸ் ஆடும் ரக்பி யூனியனில் தொழில்முறையாக ஒரு சீனியர் ஆட்டம்கூட ஆடாமல், 13 பேர் ஆடும் வேறு வகையான ரக்பி லீகிலிருந்து நேராக 2024 நவம்பரில் லண்டனின் ட்விக்கனம் மைதானத்தில் இறங்கினார். 42-37 என்று இங்கிலாந்தை வென்றார்கள், ஆட்ட நாயகனும் அவர்தான். ஃபார்மும் இல்லை, டெஸ்ட் அனுபவமும் இல்லை. ஆனால் அதை வைத்து விதி எழுதக் கூடாது. உயரத்தில் பந்தைப் பிடிக்கும் அந்தத் திறமை பத்தாண்டுக்கு ஒருமுறைதான் வரும்.

ஷ்மிட்டுக்குப் பிறகு 2026 நடுவில் பொறுப்பு லெஸ் கிஸ்ஸுக்கு. அவர் 2024 முதல் ரெட்ஸுக்குப் பயிற்சி கொடுத்தவர். லைனா அவரிடம் வளர்ந்தவர். லீகுக்குப் போய்த் திரும்பிய கார்டனும் இப்போது அதே ரெட்ஸில். 2027 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவிலேயே நடக்கிறது. இருவரின் கிளப் ஃபார்மையும் கிஸ்ஸைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது; பக்கத்தில் உட்கார வைக்க மூன்றாவதாக ஒரு மூத்தவரை எங்கிருந்து கொண்டுவரப் போகிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.