தலைப்பு கொடுப்பதா, இஷ்டப்படி எழுத விடுவதா?

கதை, கவிதை எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

தொடக்கம்: தலைப்பு இருந்தால் பேனா உடனே நகரும். இஷ்டப்படி என்றால் பலர் வெள்ளைத்தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "10 நிமிடம் நிறுத்தாமல் எழுது, பிழை பார்க்காதே, ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதையே எழுது" என்று சொல்லிப் பாருங்கள், தயக்கம் மெல்ல விலகும்.

குரல்: எனக்கு இதுதான் முக்கியம். 'மழை நாள்' என்று கொடுத்தால் ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று நினைப்பதைத்தான் எழுதுகிறார்கள், எல்லார் தாளிலும் அதே காகிதக் கப்பல். தானே தேர்ந்த விஷயத்தில்தான் அந்தப் பிள்ளையின் வீட்டுப் பேச்சும் கோபமும் வெளியே வருகிறது. அதையும் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினால் அடுத்த முறை வராது.

மதிப்பெண்: தலைப்புக்குப் போடுவது எளிது. மற்றதற்கு மதிப்பெண்ணே வேண்டாம், வாசகராக இரண்டு வரி பதில் எழுதினால் போதும்.

புதிதாக எழுதுகிறவர்களுக்குத் தலைப்பு சரி, ஆனால் "கதவுக்கு அந்தப் பக்கம் யார்?" மாதிரி திறந்ததாக இருக்கட்டும். எழுதிப் பழகியவர்களுக்கும், அப்புறம் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளுக்கும், இஷ்டப்படி எழுத விடுவதே பொருந்தும். எழுதியதை உரக்கப் படிக்கலாமா வேண்டாமா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.